பாரிசில் உட்கார்ந்து நம்ம சீமையை வரைந்த மனிதர்

போன மாதம் நானும் என்னோடு படிக்கும் மூன்று பேரும் கல்வராயன் மலைக்குப் போயிருந்தோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், அங்கிருந்து கோமுகி அணை, அப்புறம் மலைப்பாதை, வெள்ளிமலை. அதுவரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. வெள்ளிமலை தாண்டி ஒரு சின்ன ஊரில் நண்பனின் மாமா வீடு. அங்கே போகத்தான் செல்போனில் வரைபடத்தைத் திறந்தோம். வெள்ளையாக ஒரு மெல்லிய கோடு, நாலு கிலோமீட்டர், பத்து நிமிடம் என்று காட்டியது. நம்பிப் போனோம். முக்கால் கிலோமீட்டரில் கோடு ஓடைக்குள் இறங்கிவிட்டது. பாதையே இல்லை. தண்ணீரும் கல்லும்தான்.

விறகுக் கட்டோடு வந்த ஒரு பாட்டியிடம் கேட்டோம். "இப்பிடிக்கா போங்கப்பா, ரெண்டு கூப்பிடு தூரந்தான்" என்று மேட்டைக் காட்டினார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஏறினோம். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆனால் ஊர் பாட்டி காட்டிய இடத்தில்தான் இருந்தது.

திரும்பி வரும்போது பேருந்தில் ஒரே யோசனை. வானத்தில் செயற்கைக்கோள் சுற்றும் காலத்திலேயே இந்தக் கதி. செயற்கைக்கோளும் கிடையாது, ஒழுங்கான கடிகாரமும் கிடையாது என்றிருந்த காலத்தில் நம்ம பக்கத்தை முதலில் வரைந்தவர்கள் எப்படித்தான் வரைந்தார்கள்? வீட்டுக்கு வந்து தேடப்போய் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் போய் மாட்டிக்கொண்டேன். இரண்டு வாரமாக அவரோடுதான் குடித்தனம். (செமஸ்டர் வருகிறது என்று அம்மா திட்டுகிறார்.)

அவர் பெயர் ழான் பாப்டிஸ்ட் பூர்கிஞோன் டான்வில். 1697 ஜூலை 11 அன்று பாரிசில் பிறந்தார். அப்பா தையல்காரர். தம்பி கிராவலோ புத்தகங்களுக்குப் படம் வரைவதில் பெயர் வாங்கியவர், லண்டனில் சில வருடங்கள் இருந்து அங்கேயும் பலருக்குக் கற்றுக் கொடுத்தவர். ஆக, வீட்டில் இரண்டு பிள்ளைகளும் கோடு போட்டே பிழைத்திருக்கிறார்கள். அண்ணனுக்குப் பள்ளியில் லத்தீன் பாடம் படிக்கும்போதே அதில் வரும் ஊர்கள் எங்கே இருக்கின்றன என்று குறித்துப் பார்ப்பதில் பைத்தியம். பதினைந்து வயதில் பழைய கிரேக்க நாட்டுக்கு ஒரு வரைபடம் போட்டுவிட்டார். இருபத்திரண்டு வயதுக்குள் அரசரின் புவியியலாளர் என்ற பட்டம் கிடைத்துவிட்டது. சிறுவனாக இருந்த பதினைந்தாம் லூயிக்குப் பூகோளம் சொல்லிக் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர்.

இனி வருவதுதான் எனக்கு ஆச்சரியம். ஆப்பிரிக்கா, சீனா, தென் அமெரிக்கா, இந்தியா என்று இருநூறுக்கும் மேற்பட்ட வரைபடங்கள் போட்ட இந்த மனிதர் பாரிசை விட்டு அதிக தூரம் போனதே இல்லை. கப்பல் ஏறியதில்லை. ஒரு கோணமானியைத் தோளில் தூக்கிக்கொண்டு எந்த மலையிலும் ஏறியதில்லை. மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதியதைப் படித்துப் படித்தே உலகத்தை வரைந்தார். மாலுமிகளின் குறிப்பேடு, பாதிரியார்களின் கடிதம், வியாபாரிகளின் பயணக் குறிப்பு, அரபு, கிரேக்க, ரோமானிய நூல்கள், பழைய வரைபடங்கள் எல்லாம் அவரிடம் இருந்தன. கடைசிக் காலத்தில் அவர் சேர்த்து வைத்திருந்த வரைபடங்கள் மட்டும் சுமார் பத்தாயிரம். இன்று அவை பிரான்சின் தேசிய நூலகத்தில் இருக்கின்றன.

உட்கார்ந்த இடத்தில் வரைபடம் போட்டவர்கள் அவருக்கு முன்னும் உண்டு. அவர்களுக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல நம்ம பரீட்சை ஹாலுக்கு வாருங்கள். விடை தெரியாத கேள்விக்கும் நாம் இரண்டு பக்கம் எழுதி நிரப்புவோம் இல்லையா? பழைய வரைபடக்காரர்களும் அதைத்தான் செய்தார்கள். ஆப்பிரிக்காவின் நடுப்பகுதி தெரியாதா, ஒரு மலைத்தொடர் போடு. ஆறு எங்கே பிறக்கிறது என்று தெரியாதா, ஒரு ஏரி போடு. அதற்கும் மேல் இடம் காலியாக இருந்தால் ஒரு யானை, ஒரு சிங்கம். டான்வில் 1749இல் வெளியிட்ட ஆப்பிரிக்க வரைபடத்தில் இதையெல்லாம் துடைத்துப் போட்டார். ஆதாரம் இருக்கும் இடத்தில் பெயர், இல்லாத இடத்தில் வெறும் காகிதம். ஒரு கண்டத்தின் நடுவில் அவ்வளவு பெரிய வெள்ளை. விலை கொடுத்து வாங்குகிறவன் என்ன நினைப்பான் என்று அவர் கவலைப்படவில்லை.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. வரைபடத்தோடு கூடவே ஒரு விளக்க நூலும் எழுதுவார். இந்த ஊரை இங்கே ஏன் வைத்தேன், யார் சொன்னதை எடுத்தேன், யார் சொன்னதைத் தள்ளினேன் என்று கணக்கு ஒப்பிக்கிற மாதிரி. இத்தாலி விஷயத்தில் இது நன்றாக வேலை செய்தது. ரோமானியர்களின் பழைய சாலைத் தூரங்களை வைத்துக் கணக்குப் போட்டு, இப்போது எல்லோரும் வரைகிற இத்தாலி நிஜத்தைவிடப் பெரிது என்று 1744இல் எழுதினார். இத்தாலிக்குப் போகாமலேயே! பிறகு 1750களில் போஸ்கோவிச் முதலானவர்கள் போப்பின் ஆட்சிப்பகுதியை நேரில் அளந்தபோது டான்வில் சொன்னதுதான் சரியென்று ஆயிற்று.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

1742இல் டூப்ளே பாண்டிச்சேரிக்கு ஆளுநராக வந்தார். அதன்பின் நடந்ததெல்லாம் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. கர்நாடகப் போர்கள், ஆற்காட்டு நவாப் யார் என்ற சண்டை, சந்தா சாகிப், முகமது அலி, கிளைவ். அதுவரைக்கும் கடற்கரையில் துணி வாங்கி விற்றுக்கொண்டிருந்த பிரெஞ்சுக் கம்பெனிக்கு உள்நாடு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டிய அவசியம் வந்துவிட்டது. கரையோரம் மாலுமிகளுக்கு அத்துபடி. கரையிலிருந்து பத்து காதம் உள்ளே போனால் என்ன இருக்கிறது? கம்பெனி டான்வில்லிடம் போனது. 1752இல் இரண்டு பெரிய தாள்களில் இந்திய வரைபடம் வெளிவந்தது. அடுத்த வருடம் அதற்கான விளக்க நூல். சோழமண்டலக் கரைக்கென்று தனியாக இன்னொரு வரைபடமும் 1753இல் போட்டார். (கோரமண்டல் என்பது நம்ம சோழமண்டலம் என்ற சொல் ஐரோப்பிய வாயில் விழுந்து வந்தது. தியாகதுர்க்கத்தை அவர்கள் 'தியாகர்' என்று பாதியில் முடித்துக்கொண்டார்கள்.)

பாரிசில் இருப்பவருக்கு நம்ம உள்நாடு எப்படித் தெரிந்தது? பெரும்பாலும் நடந்தவர்களின் கால்கள் மூலமாக.

அந்த நடந்தவர்களில் முக்கியமான ஒருவர் ழான் வெனான் பூஷே என்ற இயேசு சபைப் பாதிரியார். 1655இல் பிறந்தவர். 1680களின் கடைசியில் மதுரை மிஷனுக்கு வந்து, காவி கட்டி, சைவச் சாப்பாடு சாப்பிட்டு, தமிழ் கற்று இங்கேயே 1732இல் இறந்தார். புதுக்கோட்டைப் பக்கம் ஆவூரில் 1697இல் ஒரு கோயில் கட்டினார். அங்கே அவரைப் 'பெரிய சஞ்சீவிநாதர்' என்று சொல்வார்கள். பிறகு வடக்கே கர்நாடக மிஷனுக்குத் தலைவராகப் போனார். நம்ம ஊர் நீதிமுறை பற்றி அவர் 1714இல் எழுதிய கடிதம் பிரான்சில் பலர் படித்தது. 1719இல் அவர் எழுதிய இன்னொரு கடிதம் தென்னிந்தியப் பூகோளத்தைப் பற்றியது. அதோடு சேர்ந்த வரைபடம் 1720களின் தொடக்கத்தில் பாதிரியார்களின் கடிதத் தொகுப்பில் அச்சேறியது. ஊர் ஊராக நடந்தே போன மனிதரின் வரைபடம் அது. டான்வில்லுக்கு முன் பாரிசில் பெரிய வரைபடக்காரராக இருந்த கியோம் தெலீல் 1723இல் போட்ட மலபார், சோழமண்டலக் கரைகளின் வரைபடத்துக்கும், பிறகு டான்வில்லுக்கும் இத்தகைய பாதிரியார் தகவல்கள்தான் உள்நாட்டுக்கு ஆதாரம்.

பூஷே மாதிரி ஒருவர் தூரத்தை எப்படி அளப்பார்? சங்கிலி போட்டு அளந்தால் பாளையக்காரர் ஒற்றன் என்று பிடித்து உள்ளே போட்டுவிடுவார். கேட்பதுதான் வழி. கூட வரும் உபதேசியாரிடம், மூட்டை தூக்குகிறவரிடம், சத்திரத்தில் படுத்திருக்கும் வியாபாரியிடம் கேட்பார். அவர்கள் சொல்லும் பதில் லீக்கில் இருக்காது, நாழிகைவழியில் இருக்கும். ஒரு நாழிகை இருபத்து நாலு நிமிடம். அந்த நேரத்தில் ஒரு ஆள் நடக்கிற தூரம் நாழிகைவழி, ஏறத்தாழ ஒன்றரை மைல். ஏழு நாழிகைவழி ஒரு காதம், அதாவது சுமார் பத்து மைல்.

இது நேரத்தைத் தூரமாகச் சொல்கிற கணக்கு என்பதைக் கவனியுங்கள். சமவெளியில் ஒரு நாழிகை நடந்தால் ஒன்றரை மைல். மேட்டில் ஏறினால் அதே நாழிகைக்குப் பாதித் தூரம்கூட வராது. மழைக்காலத்தில் ஆறு குறுக்கிட்டால் இன்னும் மோசம். அதோடு பாதை வளைந்து வளைந்துதான் போகும். வரைபடத்துக்கு வேண்டியது நேர்க்கோடு. ஆகவே டான்வில் ஒவ்வொரு நாட்டு அளவையையும் எடுத்து, இரண்டு தெரிந்த ஊர்களுக்கு நடுவே பொருத்திப் பார்த்து, இங்கே ஒரு பாகைக்கு எத்தனை என்று கணக்குப் போடுவார். இந்தியக் கோசு முதல் ரோமானிய மைல் வரை தூர அளவைகளுக்கென்றே 1769இல் ஒரு புத்தகம் எழுதினார். படிக்க உப்புச் சப்பில்லாத தலைப்புதான். ஆனால் அந்த ஒரு மாற்றுக்கணக்கு தப்பினால் திருக்கோவிலூர் கடலுக்குள் போய் விழும்.

அதனால்தான் நடைக்கணக்கைக் கட்டிப்போட வானத்திலிருந்து சில ஆணிகள் தேவை. வடக்கு தெற்கு சுலபம். நண்பகலில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்தால் அட்சரேகை கிடைத்துவிடும். கிழக்கு மேற்குதான் தலைவலி. தீர்க்கரேகைக்கு இரண்டு ஊர்களின் உள்ளூர் நேர வித்தியாசம் தெரிய வேண்டும். நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை. பாரிசுக்கும் பாண்டிச்சேரிக்கும் வித்தியாசம் சுமார் 5 மணி 10 நிமிடம். இதை எப்படிப் பார்ப்பது? வியாழன் கோளின் நிலாக்கள் அதன் நிழலுக்குள் மறையும் நொடியை வைத்து. அந்த மறைவை இரண்டு ஊரிலும் ஒரே கணத்தில் பார்க்கலாம். கசினி பாரிசில் அதற்கு அட்டவணையே போட்டு வைத்திருந்தார். பாண்டிச்சேரியில் பாதிரியார்களிடம் தொலைநோக்கி இருந்தது. 1689 டிசம்பரில் ரிஷோ என்ற பாதிரியார் பாண்டிச்சேரியிலிருந்து பார்த்துத்தான் ஆல்பா சென்டாரி ஒற்றை நட்சத்திரம் இல்லை, இரட்டை என்று கண்டார். ஆனால் ஒரு நிமிடம் தப்பினால் கால் பாகை தப்பும். நம்ம அட்சரேகையில் அது 27 கிலோமீட்டர்.

இதைப் படித்ததும் கை அரித்தது. பாண்டிச்சேரியில் படிக்கும் பள்ளித்தோழன் ஒருவனைப் போனில் பிடித்தேன். அவன் விடுதி மொட்டைமாடியில் ஒரு குச்சி, எங்கள் வீட்டு மாடியில் ஒரு குச்சி. முற்பகலில் நிழலின் நுனியைக் குறித்துக்கொண்டு, அந்த நீளத்துக்கு வட்டம் போட்டு, பிற்பகலில் நிழல் மறுபடி வட்டத்தைத் தொடும் நேரத்தைக் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ளது உச்சிவேளை. கோயில் கட்டும் ஸ்தபதிகள் சங்கு நட்டுத் திசை பார்ப்பது இதே முறையில்தான். இரண்டு போனிலும் ஒரே இந்திய நேரம் என்பதால் வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் போதும். சரியான விடை மூன்றரை நிமிடம். எங்களுக்குக் கிடைத்தது ஐந்து. கணக்குப் போட்டேன். கள்ளக்குறிச்சி கிளம்பிப் போய் ஆத்தூரில் உட்கார்ந்துவிட்டது!

ஆக, கடற்கரையில் சில ஆணிகள். அங்கிருந்து உள்ளே நடைக்கணக்கு. சாலை எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் தகவல் வரும். சேலத்துப் பக்கத்திலிருந்து ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுர்க்கம் வழியாகக் கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் இறங்கும் பாதை படைகளும் வண்டிகளும் போன பாதை. இன்று நாம் சேலம் பேருந்து ஏறும் அதே தடம். இப்படிப்பட்ட பாதையைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. அதற்கு வடமேற்கே சுவர் மாதிரி நிற்கும் கல்வராயன் மலைக்குள் யார் போவார்கள்? அங்கே சத்திரம் இல்லை, சந்தைக்கு வரும் வெளியூர்க்காரன் இல்லை. மலையாளி மக்கள் கீழே வந்து கடுக்காயும் தேனும் விற்றுவிட்டு ஏறிவிடுவார்கள். நடைக்கணக்கில் வரைந்த எந்த வரைபடத்துக்கும் மலையின் விளிம்பு கிடைக்கும், உள்ளே இருக்கும் நாடுகள் கிடைக்காது. (மலையில் ஊர்க் கூட்டங்களை 'நாடு' என்றுதான் சொல்வார்கள்.)

கீழே தெரிந்த பாதைக்கோ வேறு விதி. தியாகதுர்க்கம் மலைக்கோட்டை அந்தப் பாதையைப் பார்த்தபடி நிற்கிறது. அதை வைத்திருப்பவன் கையில் பாண்டிச்சேரிக்கு உள்நாட்டிலிருந்து போகும் அரிசியும் மாடும். 1757க்குப் பிறகு அந்தக் கோட்டைக்கு நிம்மதியே இல்லை. 1760இல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியை நெருக்கியபோது, லாலி மைசூர் ஹைதர் அலியின் உதவியைக் கேட்டு, அதற்கு விலையாகத் தியாகதுர்க்கத்தைக் கொடுத்தார். உதவி நிலைக்கவில்லை. 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி விழுந்தது. பிப்ரவரியில் தியாகதுர்க்கமும், ஏப்ரலில் செஞ்சியும். படைகள் வரும்போதும் போகும்போதும் இந்தப் பக்கத்து ஏரிகளும் நெல்லும் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சாலை ஓரத்தில் இருப்பதால்தான் ஒரு ஊர் வரைபடத்தில் ஏறுகிறது. அதே காரணத்துக்காகத்தான் அது எரிகிறது.

இதில் ஒரு வேடிக்கை. பிரெஞ்சுக் கம்பெனி பணம் கொடுத்துச் செய்வித்த அந்த இந்திய விளக்க நூலை லண்டனில் வில்லியம் ஹெர்பர்ட் 1754லேயே ஆங்கிலத்தில் கொண்டுவந்துவிட்டார். காசு ஒருவருடையது, லாபம் எதிரிக்கும்! டூப்ளே அதே வருடம் பதவி போய் ஊருக்குத் திரும்பினார்.

டான்வில்லுக்கு அடுத்து வந்தவர் ஆங்கிலேயர் ஜேம்ஸ் ரென்னல். வங்காளத்தில் நேரில் அளந்தவர். 1782இல் அவருடைய இந்துஸ்தான் வரைபடம் வந்தது. டான்வில்லின் பல தப்புகளைத் திருத்திய அவரே, தெளிவில்லாத பயணக் குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு உள்நாட்டை இவ்வளவு நன்றாக ஒருவர் வரைந்திருப்பது வியப்பு என்று எழுதியிருக்கிறார். தொழில் போட்டியாளரிடமிருந்து வரும் பாராட்டு எனக்கு அகாடமிப் பட்டங்களைவிடப் பெரிதாகத் தெரிகிறது. (அவையும் வந்தன. 1773இல் அறிவியல் அகாடமியில் இடமும் அரசரின் முதல் புவியியலாளர் பதவியும்.) ஆனால் ரென்னலாலும் கிழக்கு மேற்கை முழுதாகப் பிடிக்க முடியவில்லை. 1802 ஏப்ரலில் லாம்ப்டன் சென்னை பரங்கிமலையருகே ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, அங்கிருந்து மங்களூர் வரை முக்கோணம் முக்கோணமாகப் போன பிறகுதான், தீபகற்பம் அதுவரை வரைந்ததைவிட நாற்பது மைல் ஒடுக்கம் என்று தெரிந்தது. நாற்பது மைல்! கள்ளக்குறிச்சியிலிருந்து விழுப்புரம் வரைக்கும் உள்ள நிலம் இல்லாமல் போன மாதிரி.

முக்கோண அளவைக்கு மலை உச்சிகள்தான் வேண்டும். சாலைக்காரர்கள் விட்டுவைத்த மலைகளின் மேல் அப்போதுதான் அளவைக்காரர்கள் ஏறினார்கள். ஆனாலும் வரைபடத்தில் வந்ததால் மட்டும் கல்வராயன் மலை கீழ்நாட்டோடு சேர்ந்துவிடவில்லை. சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்தார்கள் கையில்தான் அது இருந்தது. நாடு விடுதலை அடைந்து இருபத்தொன்பது வருடம் கழித்து 1976இல்தான் அரசு அதை எடுத்துக்கொண்டது. கீழே எங்கள் ஊர் அதற்குள் தென்னாற்காட்டில் இருந்தது, 1993இல் விழுப்புரத்துக்குப் போனது, 2019இல் தனி மாவட்டமும் ஆயிற்று. இப்போது வெள்ளிமலையைத் தலைமையிடமாக வைத்துக் கல்வராயன்மலைக்குத் தனி வட்டம் இருக்கிறது. செல்போன் கோடு மட்டும் இன்னும் ஓடைக்குள் இறங்குகிறது.

அந்தக் கோட்டை நினைத்தால்தான் எனக்கு டான்வில் மேல் மரியாதை கூடுகிறது. நமக்குத் தெரியாது என்று அவர் வெள்ளையாக விட்டார். இங்கே தெரியாத இடத்திலும் பத்து நிமிடம் என்று எழுதியிருக்கிறது. அவர் மேல் எனக்கு ஒரு குறையும் உண்டு. யார் சொன்னதை எடுத்தேன் என்று அவ்வளவு பொறுப்பாக எழுதியவர், பாதிரியார் பெயரோடும் பயணியின் பெயரோடும் நின்றுவிட்டார். அந்தப் பாதிரியாருக்கு 'இங்கிருந்து அங்கே மூன்று நாழிகைவழி சாமி' என்று சொன்ன ஆளின் பெயர் எந்தத் தாளிலும் ஏறவில்லை. அதற்கு அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாதுதான். பூஷேயே எழுதி அனுப்பவில்லை என்றால் பாரிசில் இருப்பவர் என்ன செய்வார்? நானும் அன்றைக்குப் பாட்டியின் பெயரைக் கேட்கவில்லை.

கடைசி வருடங்களில் டான்வில்லுக்குப் பார்வை மங்கிவிட்டது. சேர்த்து வைத்திருந்த வரைபடங்களை எல்லாம் 1779இல் அரசர் விலைக்கு வாங்கிக்கொண்டார். 1782 ஜனவரி 28 அன்று, எண்பத்து நான்கு வயதில், பாரிசிலேயே இறந்தார். ரென்னலின் இந்துஸ்தான் வெளிவந்த அதே வருடம்.

சொல்ல மறந்துவிட்டேனே. குச்சிக் கணக்கை அப்படியே விட மனமில்லாமல் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் மறுபடி மாடியேறினோம். இந்தத் தடவை குச்சி சாயாமல் தூக்குக்குண்டு கட்டிப் பார்த்து நட்டோம். அவன் பக்கம் ஒரு மேகம் வந்து வயிற்றைக் கலக்கியது, நல்லவேளை விலகிவிட்டது. வித்தியாசம் மூன்று நிமிடம் வந்தது. ஆத்தூரிலிருந்து கள்ளக்குறிச்சியைக் கிளப்பி, கிழக்கே கொண்டுவந்து, சரியாகத் தியாகதுர்க்கம் கோட்டை அடிவாரத்தில் இறக்கிவிட்டிருக்கிறோம். இன்னும் 13 கிலோமீட்டர்தான் பாக்கி.